கூலிங் வரல

மெக்கானிக்: ...மூணாவது மாடி, ரெண்டாவது கதவு. ஏசி கூலிங் வரலன்னு கம்ப்ளைன்ட் குடுத்தது இங்கதானே?

டெய்லர்: இங்கதான். நேத்து காலையில போன் பண்ணேன். இப்ப மணி பன்னெண்டு ஆகப்போகுது.

மெக்கானிக்: சீசனுங்க. வரிசப்படிதான் வர முடியும்.

டெய்லர்: எனக்கு முன்னாடி எத்தன பேரு?

மெக்கானிக்: ஏழு.

டெய்லர்: ஏழு பேரும் உங்க கைய நம்பி வெந்துக்கிட்டு இருந்தாங்களா? பாவம்.

மெக்கானிக்: கம்ப்ளைன்ட் நோட்டுல பேரு எழுதணும். நேத்தே கேட்டேன். சொல்லல.

டெய்லர்: டெய்லர்னு எழுதிக்கோங்கன்னேனே.

மெக்கானிக்: ஊருக்குள்ள ஆயிரம் டெய்லர் இருக்காங்க.

டெய்லர்: ஆயிரம் பேருக்கும் உங்க கடை நம்பர் மனப்பாடமா?

மெக்கானிக்: ...உள்ள வரலாமா?

டெய்லர்: வாங்க.

மெக்கானிக்: செருப்ப எங்க விடறது?

டெய்லர்: இருவத்தாறு வருஷமா எங்க விட்டீங்களோ அங்கயே விடுங்க.

மெக்கானிக்: ...

டெய்லர்: என்ன? மூணு மாசம் கடையில படுத்தா சொந்த வீட்டு வாசல் மறந்துடுமா ஒரு மனுஷனுக்கு?

மெக்கானிக்: நீதானே போன்ல 'சார், சார்'னு ஆரம்பிச்ச.

டெய்லர்: நீங்க 'ஹலோ, ஏசி கடை'ன்னீங்க. கடைக்காரர்கிட்ட வேற எப்படிப் பேசறது? புருஷன் நம்பருக்கு அடிச்சா 'வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்'தான் வரும். அந்த அப்புறம் இன்னும் வரல.

மெக்கானிக்: வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்துட்டுதானே இருக்கேன்.

டெய்லர்: வர்றீங்க. அழுக்குத் துணிப் பைய கதவு பிடியில மாட்டறீங்க. தோச்ச துணிப் பைய எடுத்துக்கறீங்க. பெல் மட்டும் அடிக்கறதில்ல.

மெக்கானிக்: நீ தையல்ல உக்காந்திருப்ப. எதுக்குத் தொந்தரவுன்னு...

டெய்லர்: தையல் மிஷின் ஓடற வரைக்கும் படியில நிக்கறீங்க. சத்தம் நின்னதும் தடதடன்னு எறங்கிடறீங்க. உங்க செருப்பு சத்தம் எனக்குத் தெரியாதா?

மெக்கானிக்: ...ஏணி எங்க?

டெய்லர்: அதுவும் அதே எடத்துலதான். மொதல்ல தண்ணி குடிங்க.

மெக்கானிக்: ஏசிய ஏன் ஆஃப் பண்ணி வெச்சிருக்க? ஓட விட்டுப் பாத்தாத்தானே தெரியும்.

டெய்லர்: கூலிங்கே வரலங்கறப்ப வெட்டியா எதுக்கு ஓடணும்?

மெக்கானிக்: சரி, ரிமோட்ட குடு.

டெய்லர்: எங்கயோ வெச்சேன்...

மெக்கானிக்: அதோட பேட்டரி மூடி விழுந்துடும். நான் போட்ட டேப்பு பிரிஞ்சுடுச்சா?

டெய்லர்: நீங்க ஒட்டினது பிரியுமா? முனைய மட்டும் மடிச்சு விட்டிருப்பீங்க, அடுத்து எவன் பிரிக்கறானோ அவன் நகம் உடையக்கூடாதுன்னு. ஊர்ல இருக்கறவன் நகத்துக்கெல்லாம் கவலப்படுவீங்க.

மெக்கானிக்: ரிமோட் எங்கன்னு கேட்டேன்.

டெய்லர்: தேடணும். இப்பல்லாம் எத எங்க வெக்கறேன்னே தெரியல. போன மாசம் கத்திரிக்கோல ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுட்டு அரை நாள் தேடினேன்.

மெக்கானிக்: கத்திரிக்கோலுக்குமா கூலிங் பத்தல?

டெய்லர்: சிரிங்க. ஒரு நர்ஸம்மாவுக்கு சட்டை வெட்டினேன். ரெண்டு கையும் எடது கை.

மெக்கானிக்: நீயா? சும்மா சொல்லாத.

டெய்லர்: முப்பது வருஷத்துல மொதோ தடவ. அந்தம்மா வந்து நிக்கறாங்க. நான் ரெண்டு கையயும் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். எப்படித் திருப்பினாலும் எடதுதான்.

மெக்கானிக்: சண்டைக்கு வந்தாங்களா?

டெய்லர்: வந்திருந்தா தேவலை. என் மூஞ்சியவே பாத்துட்டு, 'தூங்கி எத்தன மாசமாச்சு?'ன்னாங்க. அவ்வளவுதான். பொலபொலன்னு கொட்டிடுச்சு.

மெக்கானிக்: எது?

டெய்லர்: கண்ணுதான். வேற என்ன கொட்டும்? பட்டனா?

மெக்கானிக்: ...சரி, நீ போய் உன் வேலையப் பாரு. நான் இதப் பாத்துக்கறேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்.

டெய்லர்: தொறந்தே பாக்கல. அதுக்குள்ள பத்து நிமிஷம்னு எப்படித் தெரியும்?

மெக்கானிக்: அனுபவம். நீ உள்ள போ.

டெய்லர்: ஏணிய யாரு புடிக்கறது?

மெக்கானிக்: எனக்கென்ன, ஏணி புதுசா?

டெய்லர்: ஏணி புதுசில்ல. வலது கைய ஒடம்போட ஒட்டிக்கிட்டு ஏறறதுதான் புதுசு.

மெக்கானிக்: அதெல்லாம் ஒண்ணுமில்ல.

டெய்லர்: தோள் ஒரு விரக்கடை எறங்கியிருக்கு. உங்களுக்கு சட்டை தச்சவ நான். மூணு மாசமா பையில பனியன் ஒண்ணு கூட வரல, எல்லாம் முன்னாடி பட்டன் வெச்ச சட்டை. தலை வழியா மாட்ட முடியலயா?

மெக்கானிக்: ...அழுக்குத் துணிய இப்படியா ஆராய்ச்சி பண்ணுவ?

டெய்லர்: வேற எதுவும் பேசறதில்லயே உங்க பக்கத்துலருந்து. அதுகிட்டதான் கேட்டுக்கணும்.

மெக்கானிக்: ஆமா, நாற்காலியில என்ன மூணு நைட்டி அடுக்கி வெச்சிருக்க? ஆர்டரா?

டெய்லர்: எனக்குத்தான். ராத்திரிக்கு.

மெக்கானிக்: ஒரு ராத்திரிக்கு மூணா?

டெய்லர்: நனஞ்சா மாத்தணும்ல.

மெக்கானிக்: நனயுதா? தண்ணி ஒழுகுதா? அப்ப வடிகால் குழாய்ல அடைப்பு. இத நீ போன்லயே சொல்லியிருக்கணும். மெத்தையிலயா விழுது?

டெய்லர்: மெத்தையிலதான்.

மெக்கானிக்: எந்தப் பக்கம்?

டெய்லர்: நான் படுக்கற பக்கம்.

மெக்கானிக்: மெஷின் எதிர்ச் சுவத்துல இருக்கு, தண்ணி எப்படி உன் பக்கம்—

டெய்லர்: ஒழுகறது மெஷின் இல்லங்க. நான்.

மெக்கானிக்: ...என்ன சொல்ற?

டெய்லர்: எறங்குங்க. எறங்கி உக்காருங்க, சொல்றேன். நர்ஸம்மா என்ன ஒரு டாக்டரம்மாகிட்ட— அய்யோ... கொஞ்சம் இருங்க...

மெக்கானிக்: என்ன? என்ன ஆச்சு? மூஞ்சியெல்லாம் இப்படிச் செவக்குது... நெஞ்சு வலிக்குதா?

டெய்லர்: இல்ல. தள்ளுங்க. தொடாதீங்க.

மெக்கானிக்: இதேதான் அன்னிக்கும் சொன்ன—

டெய்லர்: ஜன்னலத் தெறங்க! தெறந்துட்டு அங்கயே நில்லுங்க. மூணு நிமிஷத்துல போயிடும். எண்ணிக்கிட்டு இருங்க.

மெக்கானிக்: எதுலருந்து?

டெய்லர்: எதுலருந்தாவது எண்ணுங்களேன்!

மெக்கானிக்: ஒண்ணு... ரெண்டு... மூணு...

டெய்லர்: மனசுக்குள்ள!

மெக்கானிக்: ...

டெய்லர்: ...

மெக்கானிக்: ...வேர்வ கொட்டுது. அந்தத் துண்டக் குடுக்கட்டுமா?

டெய்லர்: ம். குடுங்க. ...போயிடுச்சு. இப்ப குளுரும் பாருங்க.

மெக்கானிக்: என்னம்மா இது?

டெய்லர்: நெஞ்சுக்குள்ள அடுப்பு பத்தும். அப்படியே கழுத்து, மூஞ்சி, காது மடல் வரைக்கும் ஏறும். இதயம் தையல் மிஷின் மாதிரி ஓடும். அப்புறம் வேர்வ. அப்புறம் அந்த வேர்வையே குளுந்து நடுங்கும். பகல்ல நாலஞ்சு தடவ. ராத்திரிக்கு நைட்டிய எண்ணிக்கோங்க.

மெக்கானிக்: எத்தன நாளா?

டெய்லர்: எனக்கு நின்னுபோய் பதினாலு மாசம் ஆச்சு.

மெக்கானிக்: எது?

டெய்லர்: ...எதுவா? மாசா மாசம் வர்றது.

மெக்கானிக்: ஓ. ...எனக்குத் தெரியாதே.

டெய்லர்: கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

மெக்கானிக்: அதெல்லாம் ஒரு ஆம்பள எப்படி...

டெய்லர்: எந்த மெஷின் எத்தன மாசமா சர்வீஸ் பண்ணலன்னு எல்லார் வீட்டுலயும் கேக்கறீங்க.

மெக்கானிக்: டாக்டரு என்ன சொன்னாங்க? யாரு கூடப் போன?

டெய்லர்: பஸ் கூட.

மெக்கானிக்: வெளயாடாத.

டெய்லர்: வெளயாடல. 'கூட யாரு வந்திருக்கா?'ன்னு அங்கயும் கேட்டாங்க. 'வெளிய நிக்கறாரு'ன்னு சொல்லிட்டேன்.

மெக்கானிக்: ...ஏன் அப்படி சொன்ன?

டெய்லர்: எல்லாரும் யார் கூடயாவது வந்திருந்தாங்க. நல்ல டாக்டரம்மா. எழுந்து வந்து பக்கத்துல உக்காந்தாங்க. 'இது வியாதி இல்லம்மா, வயசுல எல்லாருக்கும் வர்ற திருப்பம். ஆனா எல்லாருக்கும் வருதுங்கறதுக்காக பல்லக் கடிச்சுக்கிட்டு கெடக்கணும்னு இல்ல'ன்னாங்க. தூக்கம் வராதது, மறதி, சும்மாவே எரிஞ்சு விழறது, மூட்டு வலி... எல்லாம் ஒரே குடும்பமாம். நான் தனித்தனியா வந்த விருந்தாளின்னு நெனச்சுட்டு இருந்தேன்.

மெக்கானிக்: மாத்திர குடுத்தாங்களா?

டெய்லர்: ஹார்மோன் மாத்திர இருக்காம். ஆனா ஆளப் பாத்துதான் குடுப்பாங்களாம். மார்ல கட்டி வந்திருக்கா, கால்ல ரத்தம் கட்டியிருக்கான்னு துருவித் துருவிக் கேட்டாங்க. 'அவசரப்பட வேணாம். மொதல்ல பருத்தித் துணி போடு, காபியக் கொறச்சுக்கோ, சாயங்காலம் நட, படுக்கற ரூம நல்லா குளுமையா வெச்சுக்கோ. எப்பெப்ப வருதுன்னு எழுதிட்டு வா. பாத்துட்டு முடிவு பண்ணலாம்'. இனிமே எப்பவாவது ரத்தம் பட்டா மட்டும் ஒரு நாள் கூட காத்திருக்காம ஓடி வரணுமாம். அப்புறம்...

மெக்கானிக்: அப்புறம்?

டெய்லர்: வறட்சி, எரிச்சல்... அதுக்கும் களிம்பு இருக்குன்னாங்க. ஜன்னலப் பாக்காதீங்க, எனக்கும்தான் வெக்கமா இருக்கு. நான் உங்கள ஒதுக்கினேன்னு நெனச்சீங்களே, அதுல பாதி இது.

மெக்கானிக்: ...மீதி?

டெய்லர்: வேகற ஒடம்பு மேல ஒரு கை விழுந்தா எப்படி இருக்கும்? பாசமான கையா இருந்தாலும் கைதானே. சூடுதானே அதுவும்.

மெக்கானிக்: நீ 'தள்ளிப் படுங்க'ன்ன. மூணு நாள் தள்ளிப் படுத்தேன். நாலாவது நாள் 'இன்னும் தள்ளி'ன்ன. அதுக்கு மேல கட்டில் இல்ல.

டெய்லர்: அதனால கடைக்கே தள்ளிப் போயிட்டீங்க.

மெக்கானிக்: என் வாசமே புடிக்கலயோன்னு நெனச்சேன். நாள் பூரா கேஸு, எண்ணெய்னு...

டெய்லர்: நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இவ முடிஞ்சுபோனவ, இனி இவகிட்ட என்ன இருக்குன்னு பாயச் சுருட்டிட்டாருன்னு நெனச்சேன். அன்னிக்கு சாயங்காலம்தான் எல்லாத்தையும் சொல்லலாம்னு நல்ல பொடவ கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க வந்து, 'சீசன் வேலை, கடையிலயே படுத்துக்கறேன்'னீங்க. சரின்னேன்.

மெக்கானிக்: ஆமா. 'சரி'ன்னுட்ட. நான் ஒரு வார்த்த 'ஏன்'னு கேப்பன்னு நின்னேன்.

டெய்லர்: கேட்டா அழுதுடுவேன். பொடவ வேற புதுசு.

மெக்கானிக்: பொண்ணுகிட்டயாவது சொன்னியா?

டெய்லர்: அவளுக்கு அடுத்த மாசம் பிரசவம். போன்ல அந்தப் பக்கத்துலருந்து 'அம்மா, உள்ள ஒதைக்குதும்மா'ங்கறா. இந்தப் பக்கத்துலருந்து நான் 'எனக்கு நின்னுபோச்சு'ங்கறதா? அவ கேட்டா, 'அப்பா குளிக்கறாரு'ம்பேன்.

மெக்கானிக்: என்கிட்ட கேட்டா 'அம்மா தச்சுக்கிட்டு இருக்கா'ம்பேன்.

டெய்லர்: மூணு மாசமா நீங்க குளிக்கறீங்க, நான் தைக்கறேன்.

மெக்கானிக்: ...எழுதச் சொன்னாங்கன்னியே. எழுதினியா?

டெய்லர்: அளவு நோட்டுலதான். அதோ, மிஷின் மேல.

மெக்கானிக்: 'தோள் பதினாலு, கை இருவத்திரண்டு'... இது யாரோட அளவு?

டெய்லர்: பின்னாடியிலருந்து திருப்புங்க.

மெக்கானிக்: 'ராத்திரி பன்னெண்டே கால், நாலு நிமிஷம். ஒண்ணு அம்பது. நைட்டி மாத்தினேன். மூணு பத்து. அஞ்சு நிமிஷம். அழுகை. காரணம் இல்ல.' ...இதெல்லாமா எழுதுவாங்க?

டெய்லர்: மனசு எப்படி இருக்குன்னும் எழுதச் சொன்னாங்க.

மெக்கானிக்: 'நாலு மணி. பால்காரர் சைக்கிள் சத்தம். யாரோ முழிச்சிருக்காங்கன்னு சந்தோஷம்.'

டெய்லர்: அத சத்தமாப் படிக்காதீங்க.

மெக்கானிக்: ...பக்கம் பக்கமா இருக்கு. டாக்டரு பாத்துட்டு என்ன சொன்னாங்க?

டெய்லர்: மூணு வாரம் கழிச்சுக் கொண்டுபோனேன். அவங்களுக்கே யோசனையாயிடுச்சு. 'நான் சொன்னதெல்லாம் செய்யறியா?'ன்னாங்க. செய்யறேன்னேன். 'ரூம்?' ஏசி பதினெட்டுல ஓடுதுன்னேன். 'பதினெட்டுலயுமா இப்படி வேர்க்குது? அப்ப வேற ஏதாவது இருக்கான்னு பாத்துடுவோம்'னு தைராய்டுக்கு ரத்தம் எடுத்தாங்க. நெஞ்சுல ஒயர் ஒட்டிப் பாத்தாங்க.

மெக்கானிக்: ...பதினெட்டுலயா.

டெய்லர்: ஆமா. மெஷின்ல பளிச்சுன்னு பதினெட்டுன்னு எரியுது. நான் அது அடியில படுத்து வேகறேன். அப்ப கோளாறு எங்க? ஒடம்புலதானே? ஏதோ பெருசா வந்துடுச்சு, சொல்ல மாட்டேங்கறாங்கன்னே முடிவு பண்ணிட்டேன். ஒரு நாள் உக்காந்து பொண்ணுக்கு ஒரு கடுதாசி எழுதி மிஷின் டிராயர்ல வெச்சேன்.

மெக்கானிக்: என்ன கடுதாசி?

டெய்லர்: எது எங்க இருக்குன்னு. யாருக்கு எது குடுக்கணும்னு. அப்பாவ பாத்துக்கோன்னு.

மெக்கானிக்: ...ஏம்மா...

டெய்லர்: ரிசல்ட் வந்துடுச்சு. ஒண்ணுமில்ல. கடுதாசிய இன்னும் எடுக்கல, அவ்வளவுதான். ஏன் மூஞ்சி வெளிறிப்போச்சு?

மெக்கானிக்: ஒண்ணுமில்ல. ...இந்தக் கடைசிப் பக்கத்துல கொறஞ்சிருக்கே. 'ரெண்டு மணி, ரெண்டு நிமிஷம்.' அப்புறம் காலையிலதான். எட்டு நாளா இப்படித்தான் இருக்கு. இங்க என்னமோ வேற ஒட்டி—

டெய்லர்: குடுங்க அத. அப்புறம் பாக்கலாம்.

மெக்கானிக்: மாத்திர ஆரம்பிச்சுட்டாங்களா?

டெய்லர்: அப்புறம் சொல்றேன்னேன்ல. நீங்க வந்த வேலையப் பாருங்க.

மெக்கானிக்: ஆமா. ஆமா... நான் மேல ஏறறேன். நீ... ஒரு காபி போட்டுட்டு வாயேன்.

டெய்லர்: கொறச்சுக்கச் சொல்லியிருக்காங்கன்னு இப்பத்தானே சொன்னேன்.

மெக்கானிக்: எனக்குப் போடு.

டெய்லர்: எறங்கினதும் போடறேன். ஏறுங்க, புடிச்சுக்கறேன்.

மெக்கானிக்: நீ வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கோ. தூசி விழும்.

டெய்லர்: விழட்டும்.

மெக்கானிக்: ...

டெய்லர்: மூடி தெறந்தாச்சா?

மெக்கானிக்: ம்.

டெய்லர்: என்ன ஆச்சு? ஏன் கை நின்னுபோச்சு? பத்து நிமிஷ வேலைன்னீங்க.

மெக்கானிக்: இது... இதோட எடத்துலயே இருக்கு.

டெய்லர்: எது?

மெக்கானிக்: சென்சாரு. ரூம் எவ்வளவு சூடுன்னு மெஷினுக்குச் சொல்றது. அது... கிளிப்புல இருக்கு.

டெய்லர்: அதுலதானே இருக்கணும்?

மெக்கானிக்: இருக்கணும். ஆனா...

டெய்லர்: ஆனா?

மெக்கானிக்: நான் அத... அங்க வெக்கல.

டெய்லர்: எங்க வெச்சீங்க?

மெக்கானிக்: ...

டெய்லர்: இந்தாங்க, இப்ப பாருங்க நோட்ட. கடைசிப் பக்கம். என்ன ஒட்டியிருக்கு?

மெக்கானிக்: ...டேப்பு.

டெய்லர்: முனைய மடிச்சு ஒட்டின டேப்பு.

மெக்கானிக்: உனக்கு... எப்படி...

டெய்லர்: டாக்டரம்மா அடுத்த தடவ கேட்டாங்க, 'பதினெட்டுன்னு யாரு சொன்னது?' மெஷின்னேன். 'அது சொல்றத விடு. ரூம் சூடு பாக்கற ஒரு தெர்மாமீட்டர வெச்சுப் பாரு'ன்னாங்க. உங்க பழைய தெர்மாமீட்டர் அலமாரியில இருந்துச்சு. தலமாட்டுல வெச்சுப் பாத்தேன். இருவத்தொம்போது. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல இருக்கற ஏசி கடைக்காரரக் கூப்பிட்டேன். தெறந்து பாத்துட்டு சிரிச்சாரு. 'அம்மா, சென்சார எடுத்து உள்ள குளுந்த கம்பியோட சேத்து யாரோ ஒட்டியிருக்காங்க. ரூம் ஆறிடுச்சுன்னு நெனச்சு மெஷின் பாதியிலயே படுத்துக்குது. சென்சாரு தானா நகராது. தொழில் தெரிஞ்ச கை. டேப்பு முனைய மடிச்சிருக்கு பாருங்க, பொறுமைசாலி'ன்னாரு.

மெக்கானிக்: எட்டு நாளுக்கு முன்னாடியா.

டெய்லர்: எட்டு நாளுக்கு முன்னாடி. அன்னிக்கு ராத்திரி நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். எழுந்ததும் அழுதேன். இந்தத் தடவ காரணம் இருந்துச்சு.

மெக்கானிக்: என்ன ஏன் மொதல்லயே கூப்பிடல?

டெய்லர்: மொதல்ல வேகுதுன்னு சொன்னப்ப ரெண்டு தடவ தொறந்து பாத்துட்டு என்ன சொன்னீங்க? 'மெஷின் பொய் சொல்லாது, நீதான் சொல்ற'ன்னீங்க. மூணாவது தடவ அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. ...பொய்யே சொல்லாத மெஷினுக்கு அதையும் கத்துக் குடுத்துட்டீங்களே.

மெக்கானிக்: தோளு...

டெய்லர்: சொல்லுங்க.

மெக்கானிக்: தோள் இறுகிப்போச்சுங்கறாரு டாக்டரு. குளிர்காத்து பட்டா எலும்புக்குள்ள ஊசி ஏத்தற மாதிரி இருக்கும். நீ ராத்திரியானா பதினாறு, பதினெட்டுன்னு வெப்ப. நான் போர்வைக்குள்ள கைய இறுக்கிக்கிட்டு கெடப்பேன்.

டெய்லர்: வாயில்லயா உங்களுக்கு?

மெக்கானிக்: ஏசி மெக்கானிக்குக்கு ஏசி ஒத்துக்கலன்னு எந்த வாயால சொல்றது? மீன் விக்கறவன் மீன் நாத்தம்னு சொல்ற மாதிரி. அதான், உனக்கு நம்பரு ஓடட்டும், எனக்குக் குளுராம இருக்கட்டும்னு... உனக்கு இப்படி இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான்...

டெய்லர்: சரி. வலி. ஒத்துக்கறேன். நான் வேகறத நீங்க பாக்கல, நீங்க வெறச்சத நான் பாக்கல. ஆனா அதுக்கப்புறம் நீங்க போயிட்டீங்களே. போற அன்னிக்கு அத எடுத்து அதோட எடத்துல வெச்சுட்டுப் போயிருக்கலாமே? மூணு மாசம் விட்டு வெச்சீங்களே, அது என்ன வலிக்கு? மறந்துட்டீங்களா?

மெக்கானிக்: இல்ல.

டெய்லர்: கோவமா?

மெக்கானிக்: மொத நாள் கோவம். ...அப்புறம் கோவம் இல்ல.

டெய்லர்: பின்ன?

மெக்கானிக்: ரூம் ஆறலன்னா... கூப்பிடுவன்னு நெனச்சேன். வேற எதுக்கும் நீ கூப்பிட மாட்ட. 'சரி'ன்னு சொன்னவ. ஆனா ஏசி ஓடலன்னா என்னத்தானே கூப்பிடணும்? கூப்பிட்டா வரலாம், ஏணியப் போட்டு ஏறலாம், நீ புடிச்சுக்குவ... கடை போனத் தலமாட்டுலயே வெச்சுப் படுத்திருந்தேன். ஒவ்வொரு நாளும், இன்னிக்கு அடிக்கும், இன்னிக்கு அடிக்கும்னு. யார் யாரோ வீட்டுலருந்தெல்லாம் அடிச்சுது.

டெய்லர்: மொதல்ல எறங்குங்க.

மெக்கானிக்: எறங்கறேன். ...ஆமா, அவன்தான் எட்டு நாளுக்கு முன்னாடியே சரி பண்ணிட்டானே. மெஷின் நல்லா ஓடுது. நீயும் தூங்கற. அப்புறம் நேத்து ஏன் கூலிங் வரலன்னு போன் பண்ண? திட்டறதுக்கா?

டெய்லர்: திட்டணும்னுதான் நெனச்சேன். ஆனா அவரு ஏணிய மடக்கிட்டு, 'இனிமே இது மக்கர் பண்ணாதும்மா'ன்னு சொல்லிட்டுப் போனப்ப எனக்கு பயம் வந்துடுச்சுங்க. இனி உங்களக் கூப்பிடறதுக்கு, இந்த வீட்டுல கெட்டுப்போனதுன்னு ஒண்ணுமே இல்லாமப் போயிடுச்சேன்னு.